ஃபேனை நிறுத்திட்டு எடை போடுங்க

முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க. அப்புறம் எடை போடலாம். காத்துல தராசு ஆடும்னு எனக்குத் தெரியும். போன கடையில நிறுத்தல. பாப்பா அழுத அழுகையில நானும் கவனிக்காம, அவர் சொன்னதுக்குத் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா, அந்த ஃபேன் சரியா தராசுக்கு மேலதான் சுத்திச்சு. அதைத் தெரியாமலா அங்க மாட்டியிருப்பாங்க?

வேர்த்தா வேர்க்கட்டும். துப்பட்டாவால விசிறிக்கறேன்.

இல்லைங்க, குழந்தை என்கிட்டயே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க, இவ யார்கிட்டயும் போக மாட்டா. போவா, சிரிச்சுக்கிட்டே போவா. நான்தான் விடறதில்லை.

தராசை என் பக்கம் திருப்புங்க. இப்ப சைபர் காட்டுதா? சரி, வைங்க. இருங்க, உரைகல்லுல உரசிட்டு விரலை ஒரு துணியில துடைச்சீங்களே, அந்தத் துணியை உள்ள போடாதீங்க, மேஜை மேலயே இருக்கட்டும். துணி, குப்பை எல்லாத்தையும் சேர்த்து வெச்சு எரிச்சு, அந்தச் சாம்பல்ல இருந்து தங்கம் எடுப்பீங்களாம். வீடியோவுல பார்த்தேன். அதுல ஒட்டியிருக்கறது என்னோடது. சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க. கல்லுல ஒரு கோடு போதாதா, ரெண்டாவது கோடு எதுக்கு?

பேரா? பேர் எதுக்குங்க? எழுதித்தான் ஆகணுமா? சரி, கலையரசின்னு எழுதிக்கோங்க. வீடு உறையூர். தெரு வேண்டாம், உறையூர்னு மட்டும் போடுங்க.

ஆமா, தாலிக்கொடிதான். தாலி என் கழுத்துல இருக்கு, மஞ்சக் கயித்துல கோத்துப் போட்டிருக்கேன், துப்பட்டாவுக்குள்ள தெரியாது. கொடியை மட்டும்தான் விக்கறேன். வீட்டுக்காரர் மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா இருக்கார். மாமியார் முசிறியில. அவங்களை எதுக்குக் கூட்டிட்டு வரணும்? தாலிக்கொடின்னா வீட்டுப் பெரியவங்க யாராச்சும் கூட இல்லாம வாங்க மாட்டீங்களா? உங்க அப்பா காலத்துப் பழக்கமா? இது எந்தச் சட்டத்துல இருக்கு? ஜிமிக்கியை வித்தப்ப யாரும் மாமியாரைக் கேட்கல. பாப்பாவோட கொலுசை வித்தேன், மோதிரத்தை வித்தேன், ஒருத்தரும் கேட்கல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடையில. ஒரே கடையில எல்லாத்தையும் வித்தா நம்மளைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும் பாருங்க.

இங்க பாருங்க, எனக்கு நேரமில்லை. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள ஒரு இடத்துல பணம் கட்டணும். கட்டலைன்னா... அதை அப்புறம் சொல்றேன். எதுக்குன்னு சொன்னா வாங்கிப்பீங்களா? உள்ள உட்கார்ந்திருக்கற உங்க அப்பா காதுல விழாம சொல்றேன். கதவைச் சாத்துங்க. வேண்டாம், வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

அவர் மஸ்கட் கிளம்பினப்ப மாமியார் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டு, மஞ்சத் துணியில ஒரு காசை முடிஞ்சு எங்க வீட்டுச் சாமி அலமாரியில வெச்சாங்க. மகன் நல்லபடியா திரும்பி வந்ததும் அவங்க கையாலேயே உண்டியல்ல போடணுமாம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. "கான்வென்ட்ல படிச்சவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை ஒரு ஊதுபத்தியாச்சும் கொளுத்தி வையி, அதுக்கு இங்கிலீஸ் வேண்டாம்" அப்படின்னு என்கிட்ட ஒரு இடி. நான் கொளுத்தத்தான் செஞ்சேன். பாப்பாவுக்குப் புகை ஆகலைன்னு அப்புறம் நிறுத்திட்டேன்.

பாப்பா இப்ப எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கறா. அன்னிக்கு நான் பால் பாட்டில் கொதிக்க வைக்கப் போன நேரம், அலமாரித் துணியைப் பிடிச்சு இழுத்திருக்கா. வந்து பார்த்தா மஞ்சத் துணி தரையில கிடக்குது, இவ வாயை மூடிக்கிட்டு என்னைப் பார்க்கறா. சத்தமே இல்லை. குழந்தைங்க சத்தமில்லாம இருந்தா அது எவ்வளவு பெரிய பயம்னு உங்களுக்குப் புரியுமா? உங்களுக்குக் குழந்தை இருக்கா? ரெண்டா. அப்ப புரியும். விரலை விட்டுத் தோண்டிக் காசை எடுத்தேன். கடிச்சுட்டா, இங்க பாருங்க, இன்னும் தடம் இருக்கு.

முடிச்சை நான் அவிழ்க்கல. எச்சில்ல ஊறித் தானா அவிழ்ந்திருந்தது.

ஏதோ சில்லறைக் காசுதான் முடிஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன். பார்த்தா பெரிய வெள்ளி ரூபாய். கிரீடம் வெச்ச ராஜா தலை. அதைத் திரும்ப முடிஞ்சு வைக்கத்தான் போனேன். ஆனா அதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்தேன், சும்மாதான். பழைய காசு வித்து வீடு கட்டினவங்க வீடியோ எல்லாம் அடிக்கடி வருது. அதுல ஒண்ணுல ஒரு நம்பர் இருந்தது. அனுப்பினேன். அனுப்பினா என்ன குறைஞ்சுடப் போகுதுன்னு.

அன்னிக்கு மத்தியானமே போன் வந்துச்சு. மிஸ்டர் பெர்னார்ட், கல்கத்தாவுல இருந்து.

நான் லேசுல யாரையும் நம்பறவ இல்லைங்க. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவரை மாடிப்படியிலயே வெச்சுட்டுப் போகச் சொல்லிடுவேன், அப்புறம் நானே உருட்டிக்கிட்டு வருவேன். கீழ்வீட்டு அம்மா கொடுக்கற பாயசத்தைச் சிங்க்ல ஊத்திட்டு, நல்லா இருந்துச்சுன்னு டம்ளரைக் கழுவிக் கொடுப்பேன். அவங்க நல்லவங்கதான். ஆனா மனுஷங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா? அப்படிப்பட்ட நான் இவரை நம்பினேன்னா யோசிச்சுப் பாருங்க. அந்த இங்கிலீஷ், அவ்வளவு அழகு. "மேடம், ஈஸ் திஸ் எ குட் டைம் டு டாக்"னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். இந்த வீட்டுல யார் என்னை அப்படிக் கேட்டிருக்காங்க? கடைசியில "காட் ப்ளெஸ் யூ அண்ட் யுவர் லிட்டில் ஒன்"னு சொல்லித்தான் வைப்பார். எங்க ஸ்கூல் சிஸ்டர் சுப்பீரியர் பேசற மாதிரியே இருக்கும். திருடன் அப்படிப் பேச மாட்டான்.

என்ன சொன்னீங்க? நீங்களும் அந்த ஸ்கூல்தானா?

எந்த வருஷம்? அட, என் பேட்ச்தான். தமிழ் மீடியமா? அதான் எனக்கு முகம் தெரியல. உங்களுக்கெல்லாம் பின்பக்கக் கட்டடம், நாங்க லைப்ரரி பக்கம். அசெம்பிளியில ஒரே மைதானத்துல நின்னாலும் வரிசை வேற வேற. தமயந்தி. ம்ஹும், அந்தப் பேர் ஞாபகம் வரல. எங்க பக்கம் ஒரு டோக்கன் சுத்தும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. யார் வாயில தமிழ் வருதோ அவங்க கையில அதைத் திணிச்சுடுவாங்க. மணி அடிக்கும்போது யார்கிட்ட இருக்கோ அவங்க முட்டி போடணும். அதனால யார் எப்ப வாய் தவறுவாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கணும். பக்கத்துல இருக்கறது உயிர்த் தோழியா இருந்தாலும்தான். நான் ஒரு தடவைகூட முட்டி போட்டதில்லை.

என்னை உங்களுக்குத் தெரியுமா? ஷைலஜா, இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில கப் வாங்கினவ. ஆமா, நான்தான். அப்ப கலையரசி இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் கலையரசின்னு எழுதினீங்களா? தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு? பார்த்தீங்களா, இதுக்குத்தான் நான் பயப்படறது.

சரி, விடுங்க. நான் எதுக்கு இதெல்லாம் செஞ்சேன்? பேராசைன்னு நினைக்காதீங்க. மிஸ்டர் பெர்னார்ட் சொன்ன விலைக்கு அந்தக் காசு போச்சுன்னா வீட்டுக்காரரை மஸ்கட்ல இருந்து வரச் சொல்லிடலாம். இங்கயே தில்லை நகர்ல ஒரு சின்ன ஏசி சர்வீஸ் கடை போட்டுக்கலாம். பாப்பா பிறந்ததுக்கு அப்புறம் அவர் இவளைக் கையில தூக்கினதே இல்லைங்க. போன்லதான் அப்பா. இவ அந்த போனைத்தான் அப்பான்னு நக்கறா. வீட்டுல நானும் இவளும் மட்டும். படிக்கட்டுல யாராவது செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு ஏறினா, அது நிக்கற வரைக்கும் நான் இருந்த இடத்துல அப்படியே இருப்பேன்.

முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன்னார் மிஸ்டர் பெர்னார்ட். நியாயம்தானே, எதுக்குத்தான் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லை? அதுக்குக் கொலுசு போச்சு. அப்புறம் காசு அசல்தான்னு சர்டிஃபிகேட் கொடுக்கணும்னார், அதுக்கு மோதிரம். பணம் ரெடியா இருக்கு, அனுப்பறதுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணும்னார், ஜிமிக்கி. ஒவ்வொரு தடவையும் ரசீது வந்துச்சு, சிங்க முத்திரை போட்டு. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

கீழ்வீட்டு அம்மா கண்ணு சும்மா இருக்குமா? "என்னம்மா, காது மூளியா கெடக்கு, ஜிமிக்கிய எங்க?" அப்படின்னாங்க. பாப்பா பிடிச்சு இழுக்கறான்னு சொன்னேன். "இழுத்தா கழட்டி வெச்சுட்டு ஒரு தோடாச்சும் போடறது, ஈர்க்குச்சியா செருகுவாங்க?" அப்படின்னு சொல்லிட்டு, "ஏதாச்சும் கஷ்டம்னா சொல்லு"ன்னாங்க. சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. அதோட மிஸ்டர் பெர்னார்டும் முதல் நாளே சொல்லிட்டார், யார்கிட்டயும் பேசாதீங்க, இந்த மாதிரி விஷயத்துல கூடப் பிறந்தவங்களையே நம்ப முடியாதுன்னு. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே அதுதான். நான் மனசுக்குள்ள நினைக்கறதை ஒருத்தர் வாய் விட்டுச் சொல்றார்.

இருங்க, முடிக்கல. முந்தாநாள் போன்ல குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "மேடம், ஐ ஆம் வெரி சாரி"ன்னார். அந்தக் காசு புராதனப் பொருளாம். கவர்ன்மென்டுக்குத் தெரிவிக்காம வீட்டுல வெச்சிருக்கறதே குற்றமாம். ஒரு ஆபீசர்கிட்ட லைனை மாத்திக் கொடுத்தார். வீடியோவுல வந்தார் அவர், யூனிஃபார்ம், பின்னாடி கொடி. ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். கேஸ் ஆச்சுன்னா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க, வீட்டுல வேற யாரும் இல்லாததால குழந்தையை ஹோம்ல ஒப்படைப்பாங்கன்னார்.

ஹோம்ல.

அதுக்கப்புறம் நான் ஒழுங்கா சாப்பிடல. பாத்ரூம் போகும்போதும் இவளைத் தூக்கிக்கிட்டுத்தான் போறேன். இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள அபராதத்தைக் கட்டிட்டா கேஸ் இல்லை. மிஸ்டர் பெர்னார்டுதான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தார் அந்த அவகாசத்தை. காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, நானே கொடியில இருந்து தாலியைக் கழட்டி மஞ்சக் கயித்துல மாத்தினேன். சுமங்கலி ஒருத்தங்க கூட இருந்து நல்ல நேரம் பார்த்துச் செய்யணும்னு எனக்கும் தெரியும். யாரைக் கூப்பிட?

போதுமா? இப்ப எடை போடுங்க.

ஏமாத்து வேலைங்கறீங்க. நீங்க சொல்வீங்க. உங்க போர்டுலயே "பழைய நாணயங்கள் வாங்கப்படும்"னு எழுதியிருக்கு. இந்தத் தெருவுக்கு வந்து உங்க கையில கொடுத்திருந்தா வெள்ளி விலைக்கு வாங்கிட்டு என்னை அனுப்பியிருப்பீங்க. அவர் நல்ல விலை தர்றேங்கறார், உங்களுக்குப் பிடிக்கல. பொறாமைன்னு நான் சொல்லல. தொழில்.

ஏன் இவ்வளவு நேரமாகுது? முதல்ல மெஷின்ல போடணும்னீங்க, அப்புறம் உருக்கற ஆள் சாப்பிடப் போயிருக்கார்னீங்க, இப்ப டீ சொல்றேங்கறீங்க. எனக்கு டீ வேண்டாம். யாருக்காவது மெசேஜ் அனுப்பினீங்களா? இல்லைன்னா கையை எதுக்கு மேஜைக்குக் கீழ வெச்சிருக்கீங்க?

இதோ, அவரேதான் கூப்பிடறார். நீங்களே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். ஆனா நீங்க பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. "ஹலோ, யெஸ் சார், குட் ஆஃப்டர்நூன்."

கேட்டீங்களா, எவ்வளவு பதட்டமா இருக்கார் பாவம். புரிஞ்சுதா? நான் சொல்றேன், இருங்க, போனை மூடிக்கறேன். ஆபீசர்ஸ் கிளம்பி வந்துட்டாங்களாம். என் வீட்டு வாசல்ல நிக்கறாங்களாம். சாயந்தரம் வரைக்கும் பொறுக்க மாட்டாங்களாம். வீடு பூட்டியிருந்தா ஓடிட்டேன்னு எழுதிடுவாங்க, உடனே அனுப்புங்கங்கறார். கடவுளே, பக்கத்துல எல்லாரும் பார்ப்பாங்களே. எடுங்க, அந்தக் கொடியை எடுங்க, எந்த எடையா இருந்தாலும் பரவாயில்லை, கொடுக்கறதைக் கொடுங்க.

என்ன சத்தம் அது? போன்ல. பெல் அடிக்கறாங்களாம். என் வீட்டு பெல்லை அடிச்சுக்கிட்டே இருக்காங்களாம், ஆபீசர் இன்னொரு போன்ல லைன்ல இருக்காராம், அது வழியா இவருக்குக் கேட்குதாம். டிங் டாங்னு கேட்குது, உங்களுக்கும் கேட்குதில்ல?

பெல்.

எங்க வீட்டுல பெல் இல்லைங்க.

இருந்துச்சு. இவளை ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்த வாரமே நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டிட்டேன். யாராவது அடிச்சா தூக்கத்துல இவளுக்குத் தூக்கி வாரிப் போடுது. சுவத்துல ஒயர் ரெண்டு தொங்குது, டேப் சுத்தி வெச்சிருக்கேன். அடிக்கணும்னா அங்க என்ன இருக்கு?

"சார், விச் பெல்? நோ சார். தேர் இஸ் நோ பெல் இன் மை ஹவுஸ். ஐ ரிமூவ்ட் இட் மைசெல்ஃப்."

...

கட் பண்ணிட்டேன். நான்தான் கட் பண்ணேன்.

கடைசியில என்னைத் திட்டினாரே ஒரு வார்த்தை, அதுக்கு உங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்காது. தெரியுமா? ம். நம்ம ஸ்கூல்ல அதெல்லாம் சொல்லித் தரல. அதே குரல்ல, அதே உச்சரிப்புல சொல்றார். "லிட்டில் ஒன்"னு சொன்ன அதே வாய்.

எதிர் வீட்டு பெல்லா இருக்குமோ? ஆபீசர்ஸ் மாடியைத் தப்பா ஏறியிருக்கலாம் இல்ல? இல்லை. எதிர் வீட்டுல குருவி கத்தற பெல். கீழ்வீட்டுல பெல்லே கிடையாது, அந்த அம்மாவை வாசல்ல நின்னு கூப்பிட்டாலே வந்துடுவாங்க. அந்தச் சத்தம் எங்க கட்டடத்துலயே இல்லை. எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். நான் வேற என்ன வேலை செய்யறேன் நாள் பூரா?

திரும்ப அடிக்கறார். எடுக்க வேண்டாமா? சரி. கவுத்து வைக்கறேன். மேஜை அதிருது பாருங்க. பாப்பா, தொடாத.

ஜிமிக்கி எங்க அம்மா போட்டது. வேண்டாம், அதை இப்ப பேச வேண்டாம்.

கொடியைக் கொடுங்க. உருக்கல இல்ல, உரசினதோட சரிதானே? இதே கொடிதானே? இருங்க, கொக்கி பக்கத்துல ஒரு கண்ணி நெளிஞ்சிருக்கும், இவ இழுத்தது. இருக்கு. இருக்கு. கல்லுல அந்த ரெண்டு கோடு, அதுல கொஞ்சம் என் தங்கம் போயிருக்கும். போகட்டும், அது உங்ககிட்டயே இருக்கட்டும்.

இப்பவே கழுத்துல போட்டுக்கறேன், கையில வெச்சுக்கிட்டுத் தெருவுல நடக்க எனக்குத் தைரியம் இல்லை. தாலியை அப்புறம் மாத்திக்கலாம். முசிறிக்குப் போய் மாமியார்கிட்ட சொல்லித்தான் மாத்தணும், காசை வேற திரும்ப முடியணும். என்ன சொல்வாங்களோ. சொல்லட்டும். மஸ்கட்ல இருந்து வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடும்போது சொல்றேன். இல்ல, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.

போலீஸா? அங்க போனா நம்மளைத்தானே முதல்ல கேள்வி கேட்பாங்க? சைபர் கிரைமுக்குத் தனியா ஆபீஸ் இருக்கா. உடனே சொன்னா போன பணத்தை மறிச்சு வைக்க முடியுமா? எல்லாம் இல்லைன்னாலும் கடைசியா அனுப்பினதையாவது? நிஜமாவா சொல்றீங்க, இல்ல எனக்கு ஆறுதலுக்கா? ஆறுதல் வேண்டாம்.

நீங்க வர்றீங்களா? கடையை விட்டுட்டா? எதுக்கு? உங்களுக்கு இதுல என்ன? நான் கொடியையும் விக்கல, காசையும் விக்கல, உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. ஸ்கூல்ல நான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. பேர், வருஷம், கப் எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கறவங்க அதை மட்டும் மறப்பாங்களா?

சரி. அப்பாகிட்ட சொல்லிட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கறேன். செருப்பைப் போட்டுக்கோங்க, வெயில்.

ஆனா ஒண்ணு. நீங்க முன்னாடி நடங்க. யாராவது பின்னாடி வந்தா எனக்கு நடக்கவே வராது, திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே இருப்பேன். நீங்க போங்க, நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன். பஸ் வருது, பார்த்துப் போங்க.

ஏங்க. தமயந்தி. ரொம்ப முன்னாடி போயிடாதீங்க.